முதல் மடக்கு யார் கையிலிருந்து வருகிறது? சிறார் மதுப்பழக்கம் குறித்துப் பெற்றோரும் ஊராரும் கேட்கும் கேள்விகள்

பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் படிக்கும் பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோர், ஊராட்சி உறுப்பினர்கள், பள்ளி மேலாண்மைக் குழுவில் இருப்பவர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. சட்டம், எண்கள், நடைமுறை ஆகியவை தமிழ்நாட்டைச் சார்ந்தவை.

தமிழ்நாட்டில் எந்த வயதுக்கு மேல் மது வாங்கலாம்? சட்டம் என்ன சொல்கிறது?

2003-ஆம் ஆண்டு முதல் சில்லறை மது விற்பனையை அரசின் டாஸ்மாக் நிறுவனமே நடத்திவருகிறது. அதே ஆண்டில் வகுக்கப்பட்ட விற்பனை விதிகளின்படி 21 வயது நிறைவடையாத எவருக்கும் கடையிலோ பாரிலோ மது விற்கக் கூடாது. கேரளத்தில் இந்த வரம்பு 23, புதுச்சேரியில் 18.

பெற்றோர் அதிகம் அறியாத சட்டம் இன்னொன்று உண்டு. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 77-ஆவது பிரிவு, மருத்துவரின் பரிந்துரை இல்லாமல் 18 வயதுக்குட்பட்ட ஒருவருக்கு மதுவையோ புகையிலையையோ போதைப்பொருளையோ கொடுப்பவருக்கு ஏழு ஆண்டுகள் வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. அந்தப் பிரிவு விற்பவரோடு நின்றுவிடவில்லை, கொடுப்பவர் எவரையும் பிடிக்கிறது. மாமாவாக இருந்தாலும் அண்ணனாக இருந்தாலும் பெற்ற தகப்பனாக இருந்தாலும் அதில் விலக்கு இல்லை. 78-ஆவது பிரிவு, மதுவை விற்கவும் சுமக்கவும் கொண்டுபோய்க் கொடுக்கவும் சிறாரைப் பயன்படுத்துவதற்கு அதே தண்டனையை வைத்திருக்கிறது.

கடையில் 21 வயதுக்குக் கீழ் விற்பதை முழுவதுமாக நிறுத்திவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடாதா?

பாதி தீரும். மீதிப் பாதி கடைக்கு வெளியே இருக்கிறது.

பதினைந்து வயதுப் பையன் தானே கடைக்குப் போய், கம்பிக்கு அப்பால் இருக்கும் விற்பனையாளரிடம் பணம் நீட்டி வாங்குவது ஒரு வழி. பெரும்பாலும் அது முதல் வழி அல்ல. காதுகுத்து, கிடாவிருந்து, கல்யாணத்துக்கு முந்தைய இரவு, துக்க வீட்டின் பறையாட்டம், கோயில் கொடை, கிரிக்கெட் போட்டியில் பரிசு வாங்கிய மாலை ஆகியவைதாம் முதல் மடக்குக்கான இடங்கள். மண்டபத்துக்குப் பின்னால் நிறுத்தியிருக்கும் வேனைச் சுற்றி ஏழெட்டு ஆண்கள் நிற்கிறார்கள். தண்ணீர் பாக்கெட்டும் பிளாஸ்டிக் டம்ளரும் தீர்ந்துபோகின்றன. அந்தப் பக்கமாக வரும் ஒன்பதாம் வகுப்புப் பையனிடம் நூறு ரூபாயைக் கொடுத்து, “ஓடிப்போய் டம்ளரும் மிக்சரும் வாங்கிட்டு வாடா மாப்ள” என்கிறார்கள். அவன் வாங்கி வருகிறான், மீதிச் சில்லறையை வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள், அவனும் அங்கேயே நிற்கிறான். அடுத்த ஆண்டு அதே இடத்தில் அவனுக்கும் ஒரு டம்ளர் ஊற்றப்படுகிறது, “ஆம்பளைப் பையன்தானே” என்ற சிரிப்போடு. அந்த வட்டத்தில் நிற்பவர்களில் ஒருவரேனும் அவனுடைய சொந்தக்காரராக இருப்பார். அவனுடைய அம்மாவோ அதே மண்டபத்தின் முன்பக்கத்தில் பந்தி பரிமாறிக்கொண்டிருப்பார்.

ஆகவே கடையைக் கண்காணிப்பதோடு, பெரியவர்கள் கையைக் கண்காணிப்பதும் வேண்டியிருக்கிறது. முன்னதற்கு அரசு இருக்கிறது. பின்னதற்கு நம்மைத் தவிர யாரும் இல்லை.

ஒரு ‘கட்டிங்’ என்ன செய்துவிடும்? பெரிய பிரச்சினையாக்க வேண்டுமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். இங்கே விற்கப்படும் பிராந்தி, ரம், விஸ்கி ஆகியவற்றில் பொதுவாக 42.8 விழுக்காடு ஆல்கஹால் இருக்கிறது. 180 மில்லி கொண்ட ஒரு குவார்ட்டரில் ஏறத்தாழ 60 கிராம் தூய ஆல்கஹால் உண்டு. இரண்டு பேர் பங்கிட்டுக் குடிக்கும் கட்டிங் என்பது 30 கிராம். 45 கிலோ எடையுள்ள பையன் ஒருவன் அதை வெறும் வயிற்றில் ஒரே மூச்சில் குடித்தால், அவனுடைய ரத்தத்தில் 100 மில்லிக்கு 100 மில்லிகிராம் அளவுக்கு ஆல்கஹால் சேரக்கூடும். வண்டி ஓட்டுபவருக்கு மோட்டார் வாகனச் சட்டம் அனுமதிக்கும் உச்சவரம்பு 30 மில்லிகிராம். ஒரே கட்டிங்கில் அந்த வரம்பைப் போல மூன்று மடங்கை அவன் தொட்டுவிடுகிறான். பிறகு வெளியே நிற்கும் இருசக்கர வாகனத்தில் மூன்று பேராக ஏறுகிறார்கள். சிறார் வண்டி ஓட்டிப் பிடிபட்டால் பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு என்பது 2019-ஆம் ஆண்டுத் திருத்தம். சாவியை ஆணியில் மாட்டி வைக்கும் வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும்.

நீண்டகாலக் கேடு வேறு. முன்யோசனைக்கும் தன்னடக்கத்துக்கும் பொறுப்பான மூளையின் முன்பகுதி இருபதுகளின் நடுவரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. அமெரிக்காவில் 1997-இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், 15 வயதுக்கு முன் குடிக்கத் தொடங்கியவர்கள், 21-க்குப் பிறகு தொடங்கியவர்களைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு அதிகமாகப் பிற்காலத்தில் மதுவுக்கு அடிமையானது தெரியவந்தது. இளமையில் தொடங்கியதுதான் ஒரே காரணம் என்று அந்த எண்ணிக்கையை வைத்து அறுதியிட்டுச் சொல்ல முடியாது; குடும்பச் சூழலும் அதில் கலந்திருக்கும். ஆனாலும் தொடக்கத்தைச் சில ஆண்டுகள் தள்ளிப்போட முடிந்தால் அதுவே பெரிய லாபம்.

வெளியே போய்க் கெட்டுப்போவதைவிட, வீட்டிலேயே அளவோடு பழக்கிவிட்டால் நல்லதல்லவா?

படித்த குடும்பங்களில் இப்போது அடிக்கடி கேட்கும் வாதம் இது. கேட்க நியாயமாகவும் இருக்கிறது. ஆனால் ஆய்வுகள் அதை ஆதரிக்கவில்லை. ஆஸ்திரேலியாவில் 1,900-க்கும் மேற்பட்ட வளரிளம் பருவத்தினரையும் அவர்களுடைய பெற்றோரையும் ஆறு ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2018-இல் வெளியானது. பெற்றோரிடமிருந்து மது பெற்ற பிள்ளைகளுக்கு அதனால் எந்தப் பாதுகாப்பும் கிடைக்கவில்லை என்பதே அதன் முடிவு. மாறாக, வீட்டில் பெற்றவர்கள் அடுத்த ஆண்டுகளில் வெளியிலிருந்தும் பெறுவது கூடியிருந்தது. பிள்ளையின் பார்வையில் பார்த்தால் இது வியப்பல்ல: அப்பாவே கொடுத்த பிறகு, நண்பன் கொடுக்கும்போது மறுக்க அவனிடம் காரணம் ஒன்றும் மிச்சமில்லை.

என் கணவர் தினமும் குடிக்கிறார். அந்த வீட்டில் பிள்ளையிடம் எப்படிக் குடிக்காதே என்று சொல்வது?

கூட்டங்களில் இந்தக் கேள்வி எப்போதும் கடைசியில், தாழ்ந்த குரலில் வரும். வருவதில் மிகக் கடினமானதும் இதுதான்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். தகப்பன் குடிப்பதால் மகனைத் தடுக்கும் உரிமை அந்த வீட்டுக்கு இல்லாமல் போய்விடுவதில்லை. குடித்துக் கெட்டவருக்குத்தான் அதன் விலை நன்றாகத் தெரியும். “நான் தொடங்கியபோது எனக்கு வயசு பதினாறு, இன்னைக்கு விட முடியல” என்று ஒரு தகப்பன் தெளிவாக இருக்கும் காலை நேரத்தில் மகனிடம் ஒருமுறை சொன்னால், பள்ளியில் நடத்தும் பத்து விழிப்புணர்வுக் கூட்டங்கள் அதற்கு ஈடாகாது. நிதானமில்லாத இரவில் சொல்லும் அறிவுரைக்கு மட்டும் பயன் கிடையாது. பிள்ளைகள் அதை மறுநாள் நண்பர்களிடம் நடித்துக் காட்டுவார்கள்.

குடியை நிறுத்த முடியாத தகப்பனும் இன்றே செய்யக்கூடியவை சில உண்டு. பிள்ளையைக் கடைக்கு அனுப்பக் கூடாது. சோடாவோ சைடிஷோ வாங்கி வரவும் அனுப்பக் கூடாது. பிள்ளைகள் கண்முன் குடிக்கக் கூடாது. பாட்டிலை வீட்டில் வைக்கவும் கூடாது, ஏனெனில் மிச்சம் வைத்த அரை பாட்டிலில் தண்ணீர் ஊற்றி அளவைச் சரிசெய்யத் தெரியாத பிள்ளை இல்லை. அண்ணன் தம்பி, மச்சான் யாராவது பிள்ளைக்கு ஊற்றினால், தானும் குடித்திருந்தாலும் எழுந்து தடுக்க வேண்டும்.

மனைவிமாருக்குச் சொல்ல வேண்டியது: மகனைக் கணவருக்கு எதிரான சாட்சியாக்காதீர்கள். “உங்கப்பன் மாதிரியே ஆகப்போறே” என்ற வசவைப் பல வீடுகளில் கேட்கிறோம். அது பிள்ளையின் காதில் எச்சரிக்கையாக விழுவதில்லை, ஜோசியமாக விழுகிறது. வீட்டுக்குள் இதைத் தாங்க முடியாவிட்டால் தாத்தா, பெரியப்பா, தாய்மாமன் ஆகியோரில் குடிக்காத ஒருவரைத் தேடி, பிள்ளையோடு வாரம் ஒருமுறையாவது பேசும்படி கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்த வயதில், எப்படிப் பேசத் தொடங்குவது?

ஆறாம், ஏழாம் வகுப்பிலேயே தொடங்கலாம். உட்காரவைத்து ஒருமணி நேரம் பேச வேண்டியதில்லை. பேருந்தில் ஒருவர் தள்ளாடி ஏறும்போது, அதைப் பற்றி இரண்டு வாக்கியம் போதும். ஈரல் கெடும், ஆயுள் குறையும் என்ற பேச்சு பதிமூன்று வயதில் எடுபடாது. விளையாட்டில் மூச்சு வாங்கும், செல்போனில் யாரோ படம் எடுப்பார்கள், வண்டியில் விழுவோம் என்பவை எடுபடும்.

மறுப்பதற்குச் சொற்களைக் கற்றுக்கொடுங்கள். “குடிக்க மாட்டேன்” என்று நேராகச் சொல்லும் துணிவு எல்லாப் பிள்ளைக்கும் வராது. “நாளைக்கு மேட்ச் இருக்குண்ணா”, “மாத்திரை சாப்பிடுறேன், ஒத்துக்காது”, “அப்பா வாயை ஊதச் சொல்வாரு” போன்றவை மானத்தைக் காப்பாற்றும் சாக்குகள். கடைசிச் சாக்குக்காக அப்பாவின் பெயரைக் கெடுத்துக்கொள்ள நாம் சம்மதிக்கலாம். சில குடும்பங்களில் ஒரு சங்கேதம் வைத்திருக்கிறார்கள்: பிள்ளை போன் செய்து “பால் வாங்கிட்டு வரவா?” என்று கேட்டால், கேள்வி கேட்காமல் வந்து அழைத்துப் போ என்று பொருள். அழைத்து வந்த அன்று திட்டினால் அந்தப் போன் இரண்டாம் முறை வராது.

இன்று இரவு குடித்துவிட்டு வந்திருக்கிறான். இப்போது என்ன செய்வது?

இப்போது பேச வேண்டாம், அடிக்கவும் வேண்டாம். ஒருக்களித்துப் படுக்கவைத்துப் பக்கத்திலேயே இருங்கள்; மல்லாந்து கிடந்து வாந்தியெடுத்தால் மூச்சு அடைத்துவிடும். விரலை விட்டு வாந்தியெடுக்க வைக்காதீர்கள். மோரும் எலுமிச்சைச் சாறும் குளிர்ந்த நீரும் போதையை இறக்குவதில்லை. எழுப்பியும் எழாமல் இருந்தால், மூச்சு மிக மெதுவாகவோ விட்டுவிட்டோ வந்தால், உடல் சில்லிட்டு உதடு நீலம் பூத்தால், வலிப்பு வந்தால் உடனே 108-ஐ அழையுங்கள். குடித்துப் பல மணி நேரம் கழித்துக் கண் மங்குகிறது, வயிறு வலிக்கிறது என்றால் மெத்தனால் கலந்த சாராயமாக இருக்கலாம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது அதுதான். அதற்கு ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது, ஊருக்குத் தெரிந்துவிடுமே என்று மறைக்கவும் கூடாது.

பேச்சு மறுநாள் மாலைக்கு. யார் கொடுத்தது என்பதே அதில் முதல் கேள்வியாக இருக்கட்டும்.

விசேஷ வீடுகளில் ஊர் என்ன செய்ய முடியும்? யாரையும் பகைத்துக்கொள்ள முடியாதே.

முழு மதுவிலக்கைக் கோரினால் முதல் கூட்டத்திலேயே பேச்சு உடைந்துவிடும். “18 வயதுக்குக் கீழ் உள்ள யாருக்கும் யாரும் ஊற்றக் கூடாது, ஏவலுக்கும் அனுப்பக் கூடாது” என்ற ஒற்றை வரியைக் குடிப்பவர்களும் எதிர்க்க மாட்டார்கள். அவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இதைக் கோயில் கமிட்டி, மன்றங்கள், இளைஞர் அணிகள், மகளிர் சுயஉதவிக் குழு என்று தனித்தனியே பேசி ஒப்புக்கொள்ளச் செய்த பிறகு பொதுவில் அறிவிப்பது நல்லது. திருவிழா நோட்டீஸில் நன்கொடையாளர் பெயர்களுக்குக் கீழே அந்த வரியும் அச்சாகட்டும். பந்தலில் கவனிக்க இரண்டு பேரைப் போடுங்கள். இருவரில் ஒருவர் பையன்கள் மதிக்கும் கபடி அல்லது கிரிக்கெட் அணித்தலைவராக இருந்தால் பாதி வேலை முடிந்தது. கொடுத்தவர் பெயரை ஒலிபெருக்கியில் சொல்லி அவமானப்படுத்துவது சண்டையில் முடியும். முதல்முறை வீட்டுக்குப் போய்ச் சொல்வது, இரண்டாம் முறை குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குச் சொல்வது என்ற வரிசை நடைமுறைக்கு ஒத்துவரும்.

வேறெங்காவது இப்படிச் செய்து பலன் கிடைத்திருக்கிறதா?

ஐஸ்லாந்தில் கிடைத்தது. 1998-இல் அந்நாட்டின் 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 விழுக்காட்டினர் கடந்த ஒரு மாதத்தில் போதையேறக் குடித்திருந்ததாகக் கூறினார்கள். 2016-இல் அது 5 விழுக்காடு. அங்கே மது வாங்கும் வயது 20. அதுமட்டும் இந்த மாற்றத்தைக் கொண்டுவரவில்லை. ஆண்டுதோறும் மாணவர்களிடம் பெயர் கேட்காமல் கணக்கெடுப்பு நடத்தி, அந்தந்த ஊரின் முடிவை அந்தந்த ஊரிலேயே பெற்றோருக்குக் காட்டினார்கள். தம் பிள்ளைகளுக்கு மது வாங்கித் தருவதில்லை, பெரியவர்கள் இல்லாத விருந்துகளுக்கு அனுப்புவதில்லை என்று பெற்றோர் ஒன்றாகக் கையொப்பமிட்டார்கள். வெள்ளிக்கிழமை இரவுகளில் பெற்றோர் குழுக்களாகத் தெருவில் நடந்தார்கள். 13 முதல் 16 வயதுவரை உள்ளவர்கள் குளிர்காலத்தில் இரவு பத்து மணிக்குமேல் தனியே வெளியே இருக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. தலைநகர் ரெய்க்யாவிக்கில் விளையாட்டு, இசை வகுப்புகளுக்குச் செலுத்த ஒவ்வொரு பிள்ளையின் பெயரிலும் நகராட்சி பணம் ஒதுக்கியது.

அது நான்கு லட்சம் பேர்கூட இல்லாத நாடு. அப்படியே பெயர்த்து வைக்க முடியாது. ஊரடங்கு நமக்கு வேண்டாம். ஆனால் டியூஷன் எட்டு மணிக்கு முடிந்து பிள்ளை வீட்டுக்கு ஒன்பதரைக்கு வருகிறான் என்றால், இடையிலுள்ள ஒன்றரை மணி நேரம் யாருடையது என்று வகுப்புத் தோழர்களின் பெற்றோர் நால்வர் தமக்குள் பேசிக்கொள்ள எந்தச் சட்டமும் வேண்டியதில்லை. 2024-இல் ஊராட்சிகளுக்கு அரசு விளையாட்டு உபகரணங்களை வழங்கியது. உங்கள் ஊரில் அந்தப் பெட்டி இன்னும் அலுவலகத்தில் பூட்டிக் கிடந்தால், திறக்கச் சொல்லிக் கேளுங்கள்.

பள்ளி மேலாண்மைக் குழுவால் ஆவது உண்டா?

உண்டு. கல்வி உரிமைச் சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பள்ளிக்கு அருகில் விற்பனை நடந்தால் தீர்மானம் போட்டு அனுப்பலாம். பொதுத்தேர்வின் கடைசி நாள் மதியத்தைக் கவனிக்கலாம்: மையைத் தெளித்துக்கொண்டு கிளம்பும் பிள்ளைகள் எங்கே போகிறார்கள் என்று யாருமே கேட்காத நாள் அது. அன்று பள்ளியிலேயே சாப்பாடும் ஒரு விளையாட்டுப் போட்டியும் வைப்பதற்குப் பெரிய செலவு ஆகாது.

பிடிபட்ட மாணவனுக்கு டி.சி. கொடுத்து அனுப்புவதை மட்டும் குழு தடுக்க வேண்டும். பள்ளியை இழந்த பையனுக்கு மிச்சமிருப்பது அந்தக் கூட்டாளிகள் மட்டுமே.

கடையை அகற்றவோ புகார் செய்யவோ என்ன வழி?

மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் பள்ளியிலிருந்தும் வழிபாட்டுத் தலத்திலிருந்தும் 50 மீட்டருக்குள்ளும், மற்ற இடங்களில் 100 மீட்டருக்குள்ளும் மதுக்கடை இருக்கக் கூடாது. மீறல் இருந்தால் அளந்து, படமெடுத்து, திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் ஆட்சியரிடம் மனுக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். கிராமசபையில் தீர்மானம் நிறைவேற்றினால் மனுவுக்கு வலுக் கூடும். 2023 ஜூனில் 500 கடைகளை மூடியபோது பள்ளி, கோயில் அருகில் இருந்தவையும் அந்தப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. சிறாருக்கு விற்பது, பத்து மணிக்குமேல் கள்ளத்தனமாகச் சந்துக்கடையில் விற்பது ஆகியவற்றை மதுவிலக்குப் பிரிவின் 10581 என்ற எண்ணில் தெரிவிக்கலாம். சந்துக்கடைக்காரர் வயது கேட்பதில்லை என்பதால், கடை மூடிய ஊர்கள் அதன் பிறகுதான் கூடுதல் விழிப்போடு இருக்க வேண்டும்.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே?

மேலே சொன்னவை அவர்களுக்கும் பொருந்தும். ஒரு வேறுபாடு உண்டு: பையன் குடித்தால் கண்டிப்பு, பெண் குடித்தால் படிப்பு நிறுத்தம் என்ற நிலை இருக்கும்வரை, ஆபத்தில் சிக்கிய பெண் வீட்டுக்குப் போன் செய்ய மாட்டாள்.

ஏற்கெனவே பழக்கமாகிவிட்டது. எங்கே போவது?

2019-இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பு, நாட்டில் 10 முதல் 17 வயதுவரை உள்ளவர்களில் 1.3 விழுக்காட்டினர், அதாவது சுமார் 30 லட்சம் பேர், மது அருந்துவதாக மதிப்பிட்டது. உங்கள் வீடு மட்டும் தனித்து நிற்கவில்லை. தொலைபேசியில் பேசத் தொடங்க, போதை மீட்புக்கான 14446, மனநல ஆலோசனைக்கான 14416, தமிழ்நாடு அரசின் 104 ஆகிய எண்கள் இருக்கின்றன. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு. சென்னையில் 1980-இல் சாந்தி ரங்கநாதன் நிறுவிய டி.டி.கே. மருத்துவமனை, குடும்பத்தினருக்கும் சேர்த்து ஆலோசனை தரும் முறையால் அறியப்பட்டது.

தனியார் மறுவாழ்வு மையத்தில் சேர்ப்பதானால், மாநில மனநல ஆணையத்தின் உரிமம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டப்படி 18 வயதுக்குட்பட்டவரைப் பெரியவர்களோடு ஒரே கூடத்தில் தங்கவைக்கக் கூடாது. அவருக்குப் பொறுப்பான பெரியவர் ஒருவர் உடன் தங்க வேண்டும். “விட்டுட்டுப் போங்க, மூணு மாசம் கழிச்சு வாங்க” என்று சொல்லும் இடத்திலிருந்து பிள்ளையை அப்படியே திரும்ப அழைத்து வந்துவிடுங்கள்.